குரலில் தேன், ஸ்டாக்கில் பேரிங் இல்லை

ஸ்பின்னில் விமானம் மாதிரி சத்தம் போடுகிற வாஷிங் மெஷினைச் சரி பண்ணாமல், புதுசு வாங்க எக்ஸ்சேஞ்ச் கூப்பன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் போட்ட பதிவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பதிவு போட்டவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. கீழே வந்த கமென்ட்டுகள்தான் தாங்கலை. "ஆனாலும் கஸ்டமர் கேர்ல எவ்ளோ பொறுமையா பேசினாங்க." "எக்ஸ்சேஞ்ச் கூப்பன்கூட குடுத்தாங்களே, இதுக்கு மேல ஒரு கம்பெனி என்னதான் பண்ணணும்?"

மெஷினைச் சரி பண்ணணும். அவ்வளவுதான்.

அவர் போட்ட வீடியோவில் அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனே வேலை தெரிந்தவர் யாரும் சொல்லிவிடுவார், பேரிங் என்று. ஃப்ரன்ட் லோடு மெஷினில் டிரம்முக்குப் பின்னால் ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. அதைத் தாங்கிச் சுழலவிட இரண்டு பேரிங், உள்ளே குண்டு உருளும் இரும்பு வளையங்கள். நிறைய மாடல்களில் 6205, 6206 என்ற சாதாரண எண்கள்தான், பேரிங் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் தண்ணீரைத் தடுக்க ஒரு ரப்பர் ஆயில் சீல். சீலின் உதடு தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் துரு, அப்புறம் ஸ்பின்னில் அந்த விமானச் சத்தம். சந்தேகம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற வெளி டப்பும் சேர்ந்து ஆடினால் பயமில்லை, அது ஸ்பிரிங்கில் தொங்குவது. டப் நிற்க டிரம் மட்டும் லொடலொடத்தால் பேரிங் முடிந்தது.

டப் இரண்டு பாதியாக ஸ்க்ரூ போட்டு மூடியிருந்தால் இது அரை நாள் வேலை. பிரித்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது பேரிங், புது சீல், சீல் உதட்டில் கிரீஸ். சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே சத்தம் திரும்ப வரும். டப்பையே ஒட்டி வெல்டு வைத்து மூடியிருந்தால்? உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு பேரிங்குக்காக டிரம்மோடு முழு டப்பையும் மாற்றணும். அதன் விலையைக் கேட்டதும் "புதுசே வாங்கிக்கலாம் சார்" என்று கஸ்டமர் கேரின் தேன் குரல் சொல்லும். கூப்பன் வந்த வழி இதுதான். அந்தப் பதிலைக் கால் சென்டரில் யாரும் யோசித்துச் சொல்லவில்லை, டிசைன் மேசையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

"வெல்டு வைத்தால் லீக் ஆகாது, செலவும் குறைவு" என்பீர்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது. இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் ஒன்று குறைகிறது, ஸ்க்ரூக்கள் குறைகின்றன. ஆனால் மிச்சமான அந்தச் செலவு யார் பையில் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே பேசணும்.

"10 வருட வாரன்ட்டி கொடுக்கிறார்களே" என்று ஒருவர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். ஐயா, அதே ஸ்டிக்கரின் பொடி எழுத்தையும் படியுங்கள். மோட்டாருக்கு மட்டும். அதுவும் பெரும்பாலும் பார்ட்டுக்கு மட்டும், கூலியும் விசிட் சார்ஜும் உங்கள் தலையில். இன்வெர்ட்டர் மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போகிற பொருளே இல்லை. போவதெல்லாம் பேரிங், டிரெயின் பம்ப், இன்லெட் வால்வு, கதவு கேஸ்கெட், கன்ட்ரோல் போர்டு. போகாததுக்குப் பத்து வருடம், போகிறதுக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ. நனையாத இடத்தில் குடை பிடிக்க இத்தனை விளம்பரம்!

போர்டு கதை இன்னும் மோசம். முழு போர்டையும் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரம் புகாமல் இருக்க என்பது காரணம், அது உண்மைதான். உள்ளே ரிலே என்ற ஒரு சின்ன ஸ்விட்ச் போனாலும் முழு போர்டு என்பது அதோடு சேர்ந்து வரும் வசதி. கரப்பான் புகுந்து ஷார்ட் ஆனால் "வாரன்ட்டியில் வராது". கீழே ஒரு தட்டு வைத்து மூடாத மெஷினில் கரப்பான் என்ன, அனுமதி கேட்டா நுழையும்?

நான் கம்பெனி எதிரி இல்லை. பொருளுக்குப் பின்னால் நிற்கிற கம்பெனிகள் உண்டு. 1932-இல் தொடங்கிய ஸிப்போ, லைட்டரின் கீல் உடைந்தால் இன்றும் காசு வாங்காமல் சரி செய்து அனுப்புகிறது. மேல் பூச்சு தேய்ந்தால் பொறுப்பில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறது. 1989-இல் லெக்ஸஸ், புதிதாக வந்த காரில் பிரேக் லைட் வயரிங், குரூஸ் கன்ட்ரோல் கோளாறு என்றதும் சுமார் 8,000 கார்களைத் திரும்ப அழைத்தது. சரி செய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொடுத்தார்கள். எல்லாரும் அந்தக் கழுவலைத்தான் பேசுகிறார்கள். முதலில் வயரிங்கைச் சரி செய்தார்கள், கழுவினது அதற்கப்புறம்.

"இப்படித் திறந்துவிட்டால் ஜனங்கள் ஏமாற்றுவார்கள், அமெரிக்க பூட்ஸ் கம்பெனி எல்.எல்.பீன் கதை தெரியாதா?" தெரியும். 1912-இல் விற்ற முதல் 100 ஜோடி பூட்ஸில் 90 திரும்பி வந்தபோது காசைத் திருப்பிக் கொடுத்துத் தையலையும் சரி செய்த கம்பெனி, 2018-இல் வாங்கி ஒரு வருடத்துக்குள் மட்டும் திருப்பலாம், ரசீது கட்டாயம் என்று கதவைச் சாத்தியது. ஏமாற்றியவர்களை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அது பொருளைத் திருப்பி எடுப்பது பற்றி. நான் கேட்பது காசு கொடுத்தால் கிடைக்கிற ஒரு பேரிங், ஒரு சீல். இதில் யார் யாரை ஏமாற்ற முடியும்?

"சோப்பை அதிகம் போட்டிருப்பார்" என்று கமென்ட்டில் தீர்ப்புச் சொன்னவருக்கு: சரிங்க ஜட்ஜ் ஐயா.

சட்டம் வரணும் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடல் வாஷிங் மெஷினின் கடைசிப் பீஸ் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 வருடம் உதிரிபாகம் கொடுக்கணும், ஆர்டர் வந்தால் 15 வேலை நாளுக்குள் அனுப்பணும். நல்லது. ஆனால் டிரம், பேரிங் விஷயத்தில் "தனியாகவோ சேர்த்தோ" என்று ஒரு சொல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் "சேர்த்தோ"வில்தான் வெல்டு வைத்த டப் ஒளிந்துகொள்கிறது.

வாங்குவதற்கு முன்னாலேயே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, "இந்த மாடலுக்கு டிரெயின் பம்ப் பார்ட் நம்பர் என்ன, பேரிங் தனியா கிடைக்குமா, டப் ஸ்க்ரூவா வெல்டா" என்று கேளுங்கள். மாற்றின பார்ட்டுக்குப் புது வாரன்ட்டியா, பழையதில் மிச்சமா என்றும் கேளுங்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" ரெக்கார்டிங்கைவிட, போன் எடுக்கிறவர் பார்ட் நம்பரைத் தேட எடுத்துக்கொள்ளும் நேரம் உண்மையைச் சொல்லும்.

கடைசியில் வசவு வாங்குவது யார்? வாசலில் நிற்கிற டெக்னீஷியன். அவர் பையில் பேரிங் இருக்கும், அதைக் கழற்றும் புல்லர் இருக்கும், கையில் தொழில் இருக்கும். டப்பைத் திறக்க வழி மட்டும் இருக்காது. டப்பை வெல்டு வைத்தவன் அவர் இல்லை, பொடி எழுத்து எழுதினவனும் இல்லை. அவருக்கு ஒரு ஸ்டார், தேன் குரலுக்கு ஐந்து ஸ்டார். அந்தப் பதிவின் கீழேகூட ஒருத்தர் "வந்த பையனுக்கு ஒண்ணுமே தெரியல" என்று எழுதியிருந்தார். படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டாரைப் பார்த்துப் போடுங்கள். "கம்ப்ளைன்ட் க்ளோஸ் பண்ணணும், ஓடிபி சொல்லுங்க" என்றால் மட்டும் மெஷின் ஒரு முழு ஸ்பின் சத்தமில்லாமல் ஓடி நிற்கும்வரை சொல்லாதீர்கள். பார்ட் வரவில்லையென்றால் "பார்ட் பெண்டிங்" என்று எழுதச் சொல்லுங்கள். அது அவர் கணக்கில் ஏறாது, கம்பெனி கணக்கில் ஏறும்.