மவுண்ட் வெர்னனில் வாங்குவது கொள்ளைக் காசு அல்ல

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் வீடான மவுண்ட் வெர்னனைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி போட்ட காணொளியைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஆளாளுக்கு எனக்கே அதை அனுப்பி, "உண்மையாங்க?" என்று கேட்கிறீர்கள். "டிக்கெட்டுக்குக் காசு, கவுண்டரில் நன்கொடை வேறு, போனால் பாதி வீடு மூடிக் கிடக்கிறது, அமெரிக்க அரசாங்கத்திடம் இல்லாத பணமா, பகல் கொள்ளை" என்று அந்தத் தம்பி பேசியிருக்கிறார். கீழே நம் ஆட்கள் வரிசையாக "சரியாச் சொன்னீங்க ப்ரோ" போட்டிருக்கிறார்கள். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் ஒன்று. மவுண்ட் வெர்னன் அரசாங்கத்தின் இடமே இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு என்பதால் அரசு நடத்துகிறது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அந்த வீட்டையும் தோட்டத்தையும் வைத்திருப்பது மவுண்ட் வெர்னன் பெண்கள் சங்கம். அரசு மானியம் வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. டிக்கெட், நன்கொடை, கடை, உணவகம், விழாக்கள், இவற்றில் வரும் பணம்தான் எல்லாம்.

அரசாங்கம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அரசாங்கத்திடம்தான் முதலில் கேட்டார்கள். வாஷிங்டன் குடும்பத்து வாரிசு ஜான் அகஸ்டின் வாஷிங்டனால் அந்த இடத்தைக் கட்டிக் காக்க முடியவில்லை. மத்திய அரசும் வாங்கவில்லை, வர்ஜீனியா மாநிலமும் வாங்கவில்லை. ஆற்றைப் பார்த்த முகப்பு, விழாமல் இருக்கப் பழைய கப்பல் பாய்மரக் கம்புகளை முட்டுக் கொடுத்து நின்றது. 1853இல் பொட்டோமாக் ஆற்றில் கப்பலில் போன ஓர் அம்மா அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தன் மகளுக்குக் கடிதம் எழுதினார். மகள் ஆன் பமீலா கன்னிங்ஹாம், தென் கரோலினாக்காரர், குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர். அந்த உடம்போடு பத்திரிகையில் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதி, மாநிலத்துக்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாகப் போட்டு, சிறுகச் சிறுக வசூலித்தார். எட்வர்ட் எவரெட் என்ற பேச்சாளர் ஊர் ஊராகப் போய் வாஷிங்டனைப் பற்றிப் பேசியும் எழுதியும் 69,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். விலை 2,00,000 டாலர். 1858இல் 18,000 முன்பணம், மீதி தவணை. 1860இல் வீடு கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதே சங்கம், அதே மாதிரி மக்கள் பணம். இதைக் கொள்ளை என்கிறார் தம்பி.

சரி, அந்தப் பணம் எங்கே போகிறது? அந்த வீட்டின் வெளிச்சுவர் கல் மாதிரித் தெரியும். கல் இல்லை, பைன் மரப் பலகை. பலகையின் விளிம்புகளைச் சாய்வாகச் சீவிக் கல் அடுக்கு போலக் காட்டி, பெயின்ட் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே மேலே மணலை வீசியிருக்கிறார்கள். இன்று மறுபடி பூச வேண்டுமென்றாலும் அதே முறைதான். பெயின்ட் காய்ந்துவிட்டால் மணல் பிடிக்காது, கூடுதலாக ஈரம் இருந்தால் மணலோடு சேர்ந்து வழியும். ஊரில் கிடைக்கிற பெயின்ட் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு முடிக்கிற வேலையா இது?

"பாதி வீடு மூடிக் கிடக்கிறது" என்றாரே, அந்தக் காரணத்தையாவது விசாரித்திருக்கலாம். 2023இல் சுமார் 40 மில்லியன் டாலர் செலவில் தொடங்கிய வேலை அது. மரச்சட்டத்தால் ஆன வீடு. அஸ்திவாரத்தின் மேல் படுக்கைவாட்டில் ஓடும் அடிக்கட்டைதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. ஈரமும் பூச்சியும் முதலில் தின்பது அதைத்தான். அதை மாற்ற, மேலே இருக்கும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புதுக் கட்டையைப் பழையதோடு பொருத்த வேண்டும். அவசரப்பட்டால் மேலே சுவர்ப் பூச்சு விரியும். நிலத்தடித் தண்ணீருக்கு வடிகால் போட வேண்டும். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர் அளவுக்கு மூச்சு விட்டுப் போகும் அறைகளில், வர்ஜீனியா கோடைப் புழுக்கத்தில், காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இதையெல்லாம் அறைகளை மூடாமல் எப்படிச் செய்வது?

அப்பா ஊரில் கோயில் திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்தோடு அலைந்தவர். கோபுரத்துக்கு வர்ணம் என்றால் பணம் தானாக வரும், டியூப் லைட்டில்கூட உபயம் எழுதப் போட்டி இருக்கும். மழைத் தண்ணீர் போகிற வாய்க்காலைத் தூர்வார ஒருத்தரும் தர மாட்டார்கள் என்பார். உலகமெங்கும் இதே கதைதான். பெயர் போட இடமிருக்கிற கட்டடத்துக்குக் கொடையாளி கிடைப்பார். நிலவறையில் உளுத்த கட்டைக்கும், செடிக்கும், களை பிடுங்குகிறவர் சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை கிடையாது. அதற்குத்தான் டிக்கெட் காசு. திரும்பவும் சொல்கிறேன், அதற்குத்தான் டிக்கெட் காசு.

தோட்டத்தைப் பற்றிக் காணொளியில் "கொஞ்சம் செடி வெச்சிருக்காங்க" என்று ஒரே வரி. கீழ்த்தோட்டத்தில் செங்கல் சுவரோடு ஒட்டிப் படர்த்திய பழமரங்களைப் பார்த்தாரா? அப்படி வளர்க்க, குளிர்காலத்தில் மரம் உறங்கும்போது ஒரு கவாத்து, கோடையில் புதுத் துளிர்களை இரண்டு மூன்று இலை விட்டு ஒரு கவாத்து. ஒரு கோடை விட்டுவிட்டால் கிளை சுவரை விட்டு முன்னால் பாயும், காய்ப்பு குறையும், பழைய வடிவத்துக்குக் கொண்டுவரப் பல வருஷம் ஆகும். மேல்தோட்டத்தில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்து பழைய பாத்தித் தடங்களைக் கண்டுபிடித்த பிறகு, நடுவில் காய்கறி, ஓரத்தில் பூ என்று வாஷிங்டன் காலத்து அமைப்புக்கே 2011இல் மாற்றினார்கள். புல்வெளி ஓரத்தில் 1785இல் நட்ட டியூலிப் பாப்லர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அந்த வயசு மரத்தை மேலே ஏறிச் சோதிக்க ஆள் வேண்டும், இரும்புக் கயிறு வேண்டும், இடிதாங்கி வேண்டும். செல்ஃபிக்குப் பின்னால் நிற்பதோடு அதன் செலவு முடிந்துவிடுவதில்லை.

"அப்படியானால் ஒயின் விழா எதற்கு, கிறிஸ்துமஸுக்கு ஒட்டகம் எதற்கு, விஸ்கி வடிப்பது எதற்கு?" என்பார்கள். 1787 கிறிஸ்துமஸுக்கு வாஷிங்டனே 18 ஷில்லிங் கொடுத்து ஒட்டகம் வரவழைத்துக் காட்டியிருக்கிறார். 1799இல் அவருடைய வடிசாலை ஏறக்குறைய 11,000 கேலன் விஸ்கி தயாரித்தது. அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்டி 2007இல் திறந்தார்கள். அந்த இடத்தின் வரலாற்றிலிருந்தே வருமானம் தேடுகிறார்கள். இதில் என்ன தப்பு?

"காசில்லாதவன் பார்க்க வேண்டாமா?" பிப்ரவரியில் வாஷிங்டன் பிறந்தநாளை ஒட்டி வரும் விடுமுறை நாளில் நுழைவு இலவசம். குளிருக்கு மட்டும் தயாராகப் போங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் இப்படித் தட்டிவிட முடியாது. "அடிமைகளை வைத்திருந்த ஆளின் வீட்டுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?" நியாயமான கோபம். 1799இல் அங்கே 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அதே வீட்டு நிலவறையில் 2024இல் தோண்டியபோது 35 கண்ணாடிப் பாட்டில்கள் கிடைத்தன, 29 உடையாமல். உள்ளே செர்ரியும் பெர்ரிப் பழங்களும். செர்ரிக் காம்புகள் கத்தரித்த மாதிரி நறுக்கென்று வெட்டியிருந்தன. யாருடைய கை வெட்டியது? அந்த மரங்களைப் பராமரித்து, பழம் பறித்து, பாட்டிலில் அடைத்த அடிமைப்பட்ட மனிதர்களின் கை. அந்த நிலவறையைத் தோண்ட வைத்தது நீங்கள் கொள்ளை என்கிற அதே சீரமைப்பு வேலை. அடிமைகளின் இடுகாட்டில் 2014இலிருந்து புதைகுழி எதையும் திறக்காமல், மேல்மண்ணை மட்டும் நீக்கிக் குழிகளின் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். பெயர் தெரியாமல் போனவர்களுக்கு இடமாவது குறிக்கப்படுகிறது. அந்த வேலைக்கும் பணம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆற்றின் அக்கரையில் காடு தெரிகிறதே, காணொளியின் முகப்புப் படமே அதுதான். 1950களில் அங்கே எண்ணெய்க் கிடங்கு வர இருந்தது. பிரான்சிஸ் போல்ட்டன் என்ற சங்கத்து அம்மா தன் பணத்தைப் போட்டு நிலத்தை வாங்கித் தடுத்தார். அந்தக் காட்சியும் யாரோ கொடுத்த காசு.

ஜூலை 4 அன்று அந்தப் புல்வெளியில் குடியுரிமை உறுதிமொழி எடுப்பவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பெருமையாகப் போடுகிற அதே நாம்தான் அங்கே நன்கொடைக்கு ஒரு டாலர் கேட்டால் கொள்ளை என்கிறோம்.

தம்பி, டிக்கெட் விலை அதிகம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "கவர்மென்ட் இடம், கவர்மென்ட் காசு" என்று இரண்டு தடவை சொல்கிறீர்கள். அது தவறு. பின்னூட்டத்தில் எழுதினேன், காணவில்லை. அந்த வரியை வெட்டிவிட்டு, திருத்தத்தை முதல் பின்னூட்டமாகப் போட்டு மேலே நிறுத்தி வையுங்கள்.