எக்கோவில் வரும் எண் மட்டும் போதாது

"எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) நுரையீரல் தமனி அழுத்தம் 50 என்று வந்தாலே அது பி.ஏ.எச்.தான் (நுரையீரல் தமனி உயர் அழுத்த நோய்), சில்டெனாஃபில் (அந்தத் தமனியை விரிக்கும் மருந்து) தொடங்கிவிடலாம்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது, முதியவர்களைப் பொறுத்தவரை ஆபத்தான வழிகாட்டல். எக்கோ தருவது மதிப்பீடுதான். வலது இதயத்தில் கதீட்டர் (மெல்லிய குழாய்) செலுத்தி அளக்கையில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேலும், வெட்ஜ் அழுத்தம் (இடப்பக்க இதயத்தின் அழுத்தத்தைக் காட்டும் அளவு) 15-ஐத் தாண்டாமலும், நுரையீரல் இரத்தக்குழாய்த் தடை 2 வுட் அலகுகளுக்கு (அந்தத் தடையை அளக்கும் அலகு) மேலும் இருந்து, நுரையீரல் நோயோ பழைய இரத்தக்கட்டிகளோ காரணமல்ல என்றும் தெளிந்த பிறகே, 2022 ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி பி.ஏ.எச். என்று சொல்ல முடியும். முதுமையில் இந்த அழுத்தம் உயர மிகப் பரவலான காரணம் இடப்பக்க இதயநோய். அந்த நிலையில் நுரையீரல் தமனியை விரிக்கும் மருந்து, ஏற்கெனவே திணறும் இடப்பக்கத்துக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்பி, நுரையீரலில் நீர் கோக்கவும் வைக்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் (இந்த வயதில் பலர் எடுக்கிறார்கள்) சில்டெனாஃபிலையும் சேர்த்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும் என்பதை அந்தப் பதிவு குறிப்பிடவே இல்லை.