ஜி.பி. படிவத்தில் இனத்தைக் குறித்தால் ஆபத்தா?

"ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவுப் படிவத்தில் இனத்தைக் குறிக்காதீர்கள், ஹோம் ஆபிஸுக்கு (விசாவைக் கவனிக்கும் உள்துறை அமைச்சு) போய்விடும்" என்று இங்கிலாந்துத் தமிழரிடையே சுற்றும் தகவல் தவறு. அந்தக் கேள்விக்கும் விசாவுக்கும் தொடர்பில்லை. ஜி.பி.யிடம் பதிய விசாவோ முகவரிச் சான்றோ காட்டத் தேவையில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. நோயாளிகளின் முகவரி போன்ற விவரங்களை ஹோம் ஆபிஸுக்குத் தரும் ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. கடும் எதிர்ப்பால் 2018 மே மாதம் பெருமளவு நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரியே. மருத்துவமனைக் கட்டணப் பாக்கி 500 பவுண்டைத் தாண்டி இரண்டு மாதம் நின்றால் இன்றும் தகவல் போகலாம். அது வேறு விஷயம்.

தெற்காசியருக்கு உடல் நிறை எண் (பி.எம்.ஐ., உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 23லேயே நீரிழிவு அபாயம் கூடுகிறது, வெள்ளையருக்கு 25. இனத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் மருத்துவர் இதைத் தவறவிடலாம். இலங்கைத் தமிழருக்கெனத் தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காது. 'வேறு ஆசியப் பின்னணி'யில் டிக் செய்து, இடமிருந்தால் தமிழர் என்றே எழுதுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றாலும் பதிவை மறுக்க மாட்டார்கள்.