எட்டாவது திரை

"பத்துக்கு எட்டு பேனர் அம்மா. தைப்பூசத்துக்கு முந்தின நாளே கட்டியாக வேண்டும்."

"சாதிச் சங்க மாநாடா ஐயா?"

"என்ன கேள்வி இது! சன்மார்க்க சங்கம். வள்ளலார் 1865இல் ஆரம்பித்தது. 'சாதி இல்லை, சமயம் இல்லை' என்று உச்சியில் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன், பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பன்னிரண்டு பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் நிற்கிறது. அதனால்தான் கேட்டேன்."

"நன்கொடையாளர்கள் அம்மா. பட்டத்தை எடுத்தால் நன்கொடையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்."

"சரி. இந்த மூலையில் தபால்தலை அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிகிறதே, தூசியா?"

"வள்ளலார் அம்மா அவர்!"

"அடடா! பெரிதாக்கட்டுமா?"

"இடம் எங்கே இருக்கிறது? பொருளாளரின் மாமனாரை வேறு சேர்க்க வேண்டும். அதுவுமில்லாமல், அந்தக் காலத்தில் வள்ளலாரைப் படம் எடுத்தபோது உருவமே விழவில்லை, வெள்ளைத் துணி மட்டும்தான் விழுந்தது என்பார்கள். அவர் படத்துக்கெல்லாம் ஆசைப்படாதவர்."

"இந்தப் பன்னிரண்டு பேரும் நன்றாகவே விழுந்திருக்கிறார்கள். எங்கே கட்டப்போகிறீர்கள்?"

"வடலூர் சத்திய ஞான சபைக்குப் போகிற சாலையில். ஜோதி தரிசனத்துக்கு வருகிற கூட்டம் முழுக்கப் பார்க்க வேண்டும்."

"சபைக்குள் கறுப்பில் ஆரம்பித்து ஏழு திரை. ஏழையும் விலக்கினால் ஜோதி தெரியும். எட்டாவதை யார் விலக்குவது?"

"எட்டாவது திரை ஏது?"

"பத்துக்கு எட்டு. நீங்கள்தானே அளவு சொன்னீர்கள்."

"கேலி வேண்டாம் அம்மா. கொடுத்தவர் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தால்தானே அடுத்தவனும் கொடுப்பான்? 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறதென்றால் சும்மாவா?"

"தருமச்சாலைக்கும் சபைக்கும் பார்வதிபுரத்து ஜனங்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்களே, அவர்களில் ஒரு நாலு பெயர் சொல்லுங்கள்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பாவம், பேனர் கட்டாமல் விட்டுவிட்டார்கள்."

"எங்கள் சங்கத்திலும் மூன்று வேளை அன்னதானம் நடக்கிறது. யார் வந்தாலும் இலை உண்டு."

"உண்டு. போன வருடம் என் மகன் வந்தான். 'எந்தத் தெருப் பையன் நீ?' என்று கேட்டுவிட்டு, கடைசிப் பந்தியில் இலை போட்டார்களாம்."

"அது... பரிமாறிய சின்னப் பையன்கள் யாராவது விவரம் தெரியாமல் கேட்டிருப்பார்கள்."

"கேட்டவர் இதோ இருக்கிறார். எட்டாவது திரை, இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது."

(செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.)

"முன்பணம் எவ்வளவு அம்மா?"

"பாதி. பொருளாளரின் மாமனாரை எங்கே நிறுத்துவது?"

"அந்த மூலையைக் கொஞ்சம்..."

"வள்ளலாரை இன்னும் சுருக்கவா?"

"வெள்ளைத் துணி தெரிந்தால் போதும் அம்மா."