கம்பெனி போயிருச்சு, வண்டி நிக்குது

புதுசா ஒரு பேட்டரி வண்டி வாங்கினா ஜிஎஸ்டி 5 சதவீதம். ஏற்கெனவே இருக்கிற வண்டிக்கு லித்தியம் பேட்டரி மட்டும் தனியா வாங்கினா 18 சதவீதம். பழைய வண்டியை ஓரங்கட்டிட்டுப் புதுசு வாங்குன்னு சொல்லாமச் சொல்ற வரி இது. இத்தனை நாள் யாரும் இதைப் பெருசா பேசலை. பேட்டரி சாகுற வயசுக்கு நம்ம ஊர் வண்டிகள் இப்பத்தான் ஒவ்வொண்ணா வந்து சேருது.

மதுரை விளாச்சேரியில இருக்கிற எங்க மதினியோட பேட்டரி ஸ்கூட்டர் அந்த வயசுக்கு வந்து சேர்ந்துருச்சு. மானியம் உச்சத்துல இருந்தப்ப வாங்கினது. ஃபேம்-2 திட்டத்துல 2021 ஜூன்ல இருந்து 2023 மே வரைக்கும், பேட்டரியில பிடிக்கிற ஒவ்வொரு யூனிட் கரண்டுக்கும் 15,000 ரூபாய் மத்திய அரசு கொடுத்துச்சு. ரெண்டு யூனிட் பேட்டரின்னா 30,000. அந்தக் காசு மதினி கைக்கு வரலை, கம்பெனிக்குப் போச்சு; பில்லுல விலை குறைஞ்சுச்சு. ஆக உங்க வரிப்பணமும் என் வரிப்பணமும் உள்ள இருக்கிற வண்டி அது. அந்த மாடலை நிறுத்திட்டாங்க, கம்பெனியும் போயிருச்சு. அப்புறம் டீலரும் கடையைக் காலி பண்ணிட்டாரு, ஷோரூம் இருந்த இடத்துல இப்ப செருப்புக் கடை. கஸ்டமர் கேருக்கு அடிச்சா, இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு ஒரு அம்மா மட்டும் ரொம்ப மரியாதையாச் சொல்லுது.

வண்டியில வேற ஒரு குறை கிடையாது. மோட்டார் சத்தமில்லாம சுத்துது, டயர் போன வருஷம் மாத்தினது, பிரேக் கச்சிதம். பேட்டரி மட்டும் படுத்துருச்சு. அதுக்காக முழு வண்டியையும் காயலாங்கடைக்குத் தள்ளணும்னா, சுற்றுச்சூழலைக் காப்பாத்தத்தான் மானியம் கொடுத்தோம்னு சொல்றதை எந்தக் காதுல வாங்குறது?

கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் செல்லுகளைச் சேர்த்து லித்தியம் பேட்டரிப் பெட்டி (பேக்) கட்டுற தம்பி ஒருத்தர்கிட்ட கொண்டுபோனோம். பெட்டியோட விளிம்புல இருந்த சிலிக்கான் பசையை பிளேடால கீறி, மூடியை நெம்பி எடுத்தாரு. உள்ள விரல் பருமன்ல செல்லு வரிசை வரிசையா நிக்குது. தலைக்கு மேல நிக்கல் பட்டை, பக்கத்துல பச்சைக் கலர் கார்டு, அதுதான் பிஎம்எஸ், செல்லுகளைக் கண்காணிச்சு ஆபத்துன்னா கரண்டை நிறுத்துற காவக்காரன். 60 வோல்ட் பேக்குக்குப் பதினாறு வரிசை. மல்டிமீட்டர் ஊசியை ஒவ்வொரு வரிசையிலயும் வச்சுக்கிட்டே போறாரு. 3.6, 3.6, 3.6. ஒரு மூலையில நிக்கல் பட்டை வெளுத்துப் பூத்துப்போய் இருந்துச்சு, அங்க வச்சா 1.4.

"இந்தா பாருங்கண்ணே, பாக்கி பதினஞ்சும் நல்லாத்தான் பேசுது. இவன் ஒருத்தன் படுத்துட்டான். அவனுக்காக பிஎம்எஸ் மொத்தத்தையும் கட் பண்ணி விட்டுருச்சு."

"அப்ப அந்த வரிசையை மட்டும் மாத்திரலாமே தம்பி?"

"மாத்தலாம்ணே. கொஞ்ச நாள் ஓடும். புதுச் செல்லு தெம்பா இருக்கும், பழசு தேஞ்சுபோயிருக்கும், ஏறுறதும் இறங்குறதும் ஒத்துப்போகாது. அடுத்து இன்னொருத்தன் படுப்பான். வேற ஆளுக செஞ்சு தருவாக, காசும் கம்மியா வாங்குவாக. நான் செய்ய மாட்டேன்."

வந்த வேலையை வேண்டாம்னு சொன்னாரு பாருங்க, அதுலதான் எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்துச்சு. 2022 மார்ச்சுல வேலூர்ல, ராத்திரி சார்ஜ் போட்ட பேட்டரி வண்டி தீப்பிடிச்சு, புகையில ஒரு அப்பாவும் மகளும் செத்துப்போனதை நம்ம மறந்திருக்க மாட்டோம். பேட்டரி வேலையில "எப்படியாவது ஓட வச்சுத் தர்றேன்"னு சொல்ற கடையைப் பார்த்தா நான் ரெண்டு கடை தள்ளித்தான் நிப்பேன்.

சரி, முழு பேக்கையும் புதுசா கட்டிரலாம்னு முடிவு. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லு போடச் சொன்னேன். நம்ம ஊர் சித்திரை வெயில்ல வெட்டவெளியில நிக்கிற வண்டிக்கு அது தோதானது: சூடு தாங்கும், சட்டுனு தீப்பிடிக்காது, பழைய பேக்ல இருந்த என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) ரகத்தை விட ஆயுசும் ஜாஸ்தி. ஒரே குறை, அதே கரண்டுக்கு இடம் அதிகம் அடைக்கும். சார்ஜரையும் கூடவே மாத்தணும். பழைய பதினாறு வரிசை என்எம்சிக்கு 67.2 வோல்ட் சார்ஜர். பத்தொன்பது வரிசை எல்எஃப்பிக்கு 69 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. பிளக் ஒண்ணாவே இருக்கும், மாத்திச் சொருகினா தெரியாது. எல்எஃப்பி சார்ஜரை என்எம்சி பேக்ல போட்டா ஒவ்வொரு செல்லும் 4.3 வோல்ட்டைத் தாண்டும், அதோட எல்லை 4.2. பிஎம்எஸ் தடுத்தா பிழைச்சோம். வீட்டுல ரெண்டு பேட்டரி வண்டி வச்சிருக்கவங்க சார்ஜர் மேல மார்க்கர்ல எழுதி வைங்க.

இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. செல்லு கிடைக்குது, கட்டத் தெரிஞ்ச ஆள் இருக்காரு. மாட்டிக்கிட்டது வேற இடத்துல. பேட்டரியில இருந்து ரெண்டு தடி ஒயர் போக, மெல்லிசா இன்னும் ரெண்டு ஒயர் வருது. அது வழியா பிஎம்எஸ்ஸும் கன்ட்ரோலரும் பேசிக்குமாம். பேட்டரி "நான்தான்"னு சொன்னாத்தான் கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கரண்ட் விடும். புது பேக்கோட வோல்ட் சரியா இருக்கு, ஆம்பியர் சரியா இருக்கு, சாவியைத் திருப்பினா டிஸ்பிளேயில ஒரு எர்ரர் நம்பர் மினுக்குது, வண்டி அசையலை. அந்தப் பேச்சு என்ன பாஷைன்னு கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனி இல்லை.

இதைத்தான் நான் தப்புங்குறேன். பேட்டரி செத்தது குத்தமில்லை, அது தேயுற பொருள், தேஞ்சுதான் ஆகும். மாடலை நிறுத்தினதும் வியாபாரம். போறப்ப சாவியையும் சேர்த்து எடுத்துட்டுப் போனாங்க பாருங்க, அதுக்கு எந்த அரசு அனுமதி கொடுத்துச்சு?

டிவிஎஸ் 50 வந்தது 1980-ல. ஒரு காலத்துல இதே மதுரையில பஸ் விட்ட கம்பெனியோட வாரிசுகள் கொண்டுவந்தது. அந்த வண்டிக்கு கிளட்ச் கேபிள் வேணும்னு இன்னைக்கும் உசிலம்பட்டியிலயோ மேலூர்லயோ கேட்டுப் பாருங்க, கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காம கையை விட்டு எடுத்துக் கொடுப்பாரு. கம்பெனி கேபிள் கிடைக்கலைன்னா வேற கேபிள் சேரும். கேபிளுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. (பெட்ரோல் வண்டிக்கு வக்காலத்து வாங்குறேன்னு சண்டைக்கு வராதீங்க. அடுத்ததும் பேட்டரி வண்டிதான் வாங்குவேன்.)

ஐரோப்பாவுல 2023-ல ஒரு பேட்டரிச் சட்டம் போட்டாங்க. இ-சைக்கிள், சின்ன ஸ்கூட்டர் மாதிரி வண்டிகளோட பேட்டரியை வெளிக் கடை மெக்கானிக் கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும், மாடலோட கடைசி வண்டியைச் சந்தைக்கு விட்டதுக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்காவது பேட்டரி உதிரியா கிடைக்கணும், மென்பொருளை வச்சு மாத்த விடாம தடுக்கக்கூடாது. 2027 பிப்ரவரியில இருந்து இது நடைமுறை. நமக்கும் இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

நம்ம ஆளுங்க யோசிக்காமலும் இல்லை. பேட்டரி இல்லாமலே வண்டியை வித்துப் பதிவும் பண்ணலாம்னு 2020 ஆகஸ்ட்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதுச்சு. அதாவது வண்டி வேற, பேட்டரி வேறன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பேட்டரி மாத்துற நிலையங்களுக்காக 2022 ஏப்ரல்ல நிதி ஆயோக் விட்ட வரைவுக் கொள்கையில, ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி வண்டிக்குச் சேரணும்ங்கிற பேச்சு இருந்துச்சு. பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு அதே வருஷம் ஒரு குழு, டிசம்பர்ல ஒரு போர்ட்டல், அதுல வாகனத் துறையும் உண்டு. போர்ட்டல்ல கம்பெனிக்காரங்க தங்களோட சர்வீஸ் விவரத்தைப் போடுவாங்க. பூட்டின கம்பெனிக்கு யார் போடுவா? நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, எதிர்த்தரப்புன்னு ஒருத்தன் உயிரோட இருந்தா அதெல்லாம் உதவும்.

என் யோசனை எளிசானது. மானியம் வாங்குற ஒவ்வொரு மாடலுக்கும் பேட்டரியோட எந்த ஒயர் எதுக்குன்னு காட்டுற இணைப்புப் படமும், கன்ட்ரோலர்கூட அது பேசுற பாஷையும், பெட்டியோட அளவும் அரசுகிட்ட முன்கூட்டியே ஒப்படைச்சிருக்கணும். கம்பெனி மாடலை நிறுத்தின அன்னைக்கே அதைப் பொதுவுல விட்டுரணும். ரகசியம்பாங்க. விக்காத வண்டிக்கு என்ன ரகசியம்? பிஎம் இ-டிரைவ் மாதிரி மத்திய அரசு மானியத் திட்டத்துலயே இந்த நிபந்தனையைச் சேர்க்கலாம், புதுச் சட்டம்கூட வேண்டாம்.

இன்னொண்ணு. 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை ரெண்டு கட்டமா இறுக்கினாங்க, ஏஐஎஸ்-156. நல்ல விஷயம். ஆனா தொழிற்பேட்டையில கட்டின ஒத்தைப் பேக்கை யாரு கொண்டுபோய் அந்தச் சோதனைக்கு வைப்பா? கம்பெனி பேக் கிடைக்காது, வெளிப் பேக்குக்கு முத்திரை கிடையாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல கேட்கிற கேள்வியே அதுவாத்தான் இருக்கும். சட்டப்படி வாங்கி, பதிவு பண்ணி, பச்சை நம்பர் பிளேட் மாட்டின பொம்பளையை சட்டத்துக்கு வெளிய நிக்க வச்சது மதினியோட முடிவு இல்லை.

கடைசியா என்ன பண்ணினோம்னா, கன்ட்ரோலரையும் டிஸ்பிளேயையும் கழட்டிட்டு, எந்த பேட்டரியையும் ஏத்துக்கிற சாதா கன்ட்ரோலர் ஒண்ணு போட்டாச்சு. செலவு பேட்டரியோட நிக்கலை. புது பேக் பழைய பெட்டிக்குள்ள அடங்காம சீட்டுக்கு அடியில இருந்த டிக்கியையும் சேர்த்துப் பிடிச்சுக்கிச்சு. வண்டியை ஓட்டிப் பார்த்துட்டு மதினி கேட்டது ஒண்ணுதான்: "எல்லாம் சரி தம்பி, மழைக்கோட்டை எங்கிட்டு வைக்கிறது?"

செத்த பேக் இன்னும் கடையிலதான் கிடக்கு. பழைய லெட்-ஆசிட் பேட்டரின்னா எக்ஸ்சேஞ்சுல காசு கிடைக்கும், லித்தியத்தை காயலாங்கடையில வாங்க யோசிக்கிறாங்க, வாங்குறவங்க என்ன பண்ணுவாங்கன்னு நினைச்சா பயமா இருக்கு. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிச்சவர்தான் திரும்ப எடுத்துக்கணும். தயாரிச்சவரைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்! மறுசுழற்சிக்கு முறையா எடுக்கிற உரிமம் உள்ள ஆள் மதுரை, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கம் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. கழட்டின கன்ட்ரோலர், டிஸ்பிளே ரெண்டும் நல்ல நிலையில இருக்கு, அதே மாடலுக்கு வேணும்னா காசு வேண்டாம், வந்து வாங்கிக்கங்க.