கார் இல்லாத ஊராம்!

சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊரான செர்மாட்டை ‘கார் இல்லாத ஊர்’ என்று விளம்பரம் செய்கிறவர்களை, காலில் ஸ்கீ பூட்ஸை மாட்டி, தோளில் சறுக்குகிற ஸ்கீ கட்டைகளை ஏற்றி, சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தக் கடைத்தெருவில் நடக்கவிட வேண்டும்.

பெட்ரோல் கார் இல்லைதான். அதற்காக ஐந்து கிலோமீட்டருக்கு முன்பே டேஷ் என்ற ஊரில் காரை விட்டு, அதற்கொரு காசு, அப்புறம் ரயிலுக்கொரு காசு என்று அழுதுவிட்டு, மூட்டை முடிச்சோடு வருகிறோம். எதற்கு? நிம்மதியாக நடக்கலாம் என்றுதானே! ஸ்டேஷன் வாசலிலேயே வரிசை கட்டி நிற்கின்றன மின்சார டாக்சிகள். போதாததற்கு ஹோட்டல்காரர்களின் வண்டிகள் வேறு. தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு உருவம்.

புகை இல்லை, சரி. சத்தமும் இல்லையே ஐயா! பனி மூடிய தெருவில் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நிற்கும்வரை தெரிவதில்லை. பதறி விலகலாம் என்றால் ஸ்கீ பூட்ஸில் கணுக்கால் மடங்காது. குதிகாலை ஊன்றி ஊன்றி, ஐஸ் கட்டிய தரையில் திரும்புவதற்குள், தோளில் இருக்கும் கட்டை பக்கத்தில் போகிறவர் மூக்கைப் பதம் பார்த்துவிடுகிறது. அவர் முறைக்கிறார். டாக்சிக்காரரும் முறைக்கிறார். நடக்கிறவன்தான் குற்றவாளி!

ஊருக்கு மேலே நிற்கும் மேட்டர்ஹார்ன் மலையை நின்று பார்க்கலாம் என்று தலையை நிமிர்த்தினீர்களோ, தொலைந்தீர்கள். 1865-இல் முதன்முதலாக அந்த 4,478 மீட்டர் சிகரத்தைத் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போது விழுந்து செத்தார்கள். அப்போது அறுந்த கயிற்றை ஊர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். மலையில் ஆபத்து இருக்கும், புரிகிறது. கடைத்தெருவிலுமா?

ஊரின் பழைய பகுதியான ஹின்டர்டார்ஃப் சந்துக்குள் போனால்தான் மூச்சே வருகிறது. வெயிலில் கறுத்த பழைய மரக் களஞ்சியங்கள், கால்களுக்கு மேல் தட்டையான வட்டக் கல் வைத்துக் கட்டியவை. தானியத்துக்கு எலி ஏறிவிடக் கூடாதாம். எலிக்கு அவ்வளவு யோசித்த ஊர், நடக்கிற மனிதனுக்கு ஒரு நடைபாதை யோசிக்கக் கூடாதா?

பெரிய ஹோட்டல்களின் குதிரை வண்டியாவது சலங்கை ஒலியோடு வருகிறது. அந்தத் தெருவில் கடைக்குக் கடை மாட்டு மணி தொங்குகிறதே, அதில் ஒன்றை வாங்கி ஒவ்வொரு டாக்சியின் கழுத்திலும் கட்டித் தொலையுங்கள்!