பூனைக்கும் விஷம் ஏறும்

இணையத்தில் ஒருவர், பூனையைப் பாம்பு கடித்தாலும் விஷம் ஏறாது, ஆஸ்திரேலிய ஆய்வே அப்படிச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்த ஆய்வு சொல்வது வேறு.

2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது அது. ஆஸ்திரேலியாவின் கொடிய விஷப் பாம்பான பழுப்புப் பாம்பு கடித்து, விஷமுறிவு மருந்து கொடுக்கப்படாத பூனைகளில் 66 சதவீதம் பிழைத்தன. நாய்களில் 31 சதவீதம்தான். நாயைவிடத் தேவலை, அவ்வளவே. மருந்தில்லாமல் விட்டால் மூன்றில் ஒரு பூனை போய்விடுகிறது என்பதையும் அதே எண் சொல்கிறதே!

பூனை நாயைவிட அதிகம் பிழைப்பதற்கான காரணமும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. அந்த விஷம் நாயின் ரத்தத்தில் பூனையுடையதைவிட வேகமாக வேலை செய்து, உறையவைக்கும் பொருள்களைத் தீர்த்துவிடுகிறது. அப்புறம், நாய் மூக்கை நீட்டிக்கொண்டு போகும். ரத்த ஓட்டம் அதிகமுள்ள இடத்திலேயே கடி விழும். பூனை சற்றுத் தள்ளி நின்று முன்னங்காலால் தட்டிப் பார்க்கும்.

சரிபார்க்க நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயர், ஆண்டு, பூனை, நாய், பாம்பு என்று ஆங்கிலத்தில் தேடினால் செய்திக்குறிப்பு கிடைக்கும். தலைப்போடு நிற்காமல் சதவீதம் வரும் பத்தி வரை படியுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்: பாம்பு கடித்த பூனைக்கும் விஷமுறிவு ஊசி போடுவார்கள்.